எண்ணிக்கை தவறும் இடம்
(கணினிச் செலுத்திகளில் நேரும் சுட்டெண் பிழைகளும் அவற்றை எழுதிவைக்கும் முறையும்)

ஒரு பொருளைப் பலர் கூடிப் பயன்கொள்ளுமிடத்து, அதனை எப்போது எடுத்துவைக்கலாம் என்னும் வினா எழுகின்றது. இறுதியாகப் பயன்கொண்டவன் கைவிட்ட பின்னரே எடுத்துவைத்தல் முறை. அவன் கைவிட்டானா என்பதை அறிதற்கு எண்ணிக்கை ஒன்று வேண்டும். எண்ணிக்கை வழுவினால் பொருளும் வழுவும். அப்பொருளை நம்பியிருந்தவனும் இடர்ப்படுவான். இச்சிறு நியதி வீட்டுக்கும் பொருந்தும்; கோயிற் பண்டகசாலைக்கும் பொருந்தும்; இற்றைநாளில் எல்லோர் கையிலும் காணப்படும் கைபேசிக்கும் பொருந்தும். இந்நியதி கணினியினுள்ளே எங்ஙனம் தவறுகின்றது, தவறியதை அறிந்தோர் எங்ஙனம் கண்டு எழுதிவைக்கின்றனர் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்குக் கணினியோடு என்ன தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் புன்முறுவல் பூக்கலாம். தொடர்பு உண்டு. செய்நிரல் என்பது ஒரு மொழியில் எழுதப்படுவது. அதற்கும் எழுத்தும் சொல்லும் தொடரிலக்கணமும் உள. அதனை எழுதுவோர் மனிதர். பிறகு படித்துத் திருத்துவோரும் மனிதரே. மேலும், ஈண்டு எடுத்துக்கொண்ட பிழை, வகுப்பறையில் நாம் கற்பிக்கும் சுட்டு என்னும் இலக்கணத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது. மென்பொருட்டுறையில் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கு இவற்றுட் சில தெரிந்த செய்திகளாயிருக்கலாம். அத்துறையை நோக்கி நிற்கும் மலைநாட்டு இளைஞர்க்கு இக்கட்டுரை ஒரு வாயிலாக அமையுமாயின் அதுவே போதும்.

கருவும் செலுத்தியும்

கணினியின் மென்பொருள்களுள் அடித்தளமாய் நிற்பது பணிசெயல் முறைமை. அதன் உள்ளகத்தைக் கரு என வழங்குவர். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்தல், வேலைகளை வரிசைப்படுத்தல், ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாமற் காத்தல் ஆகியன கருவின் தொழில்கள். அச்சுப்பொறி, விசைப்பலகை, படமெடுக்கும் கருவி, வலையமைப்பு அட்டை என்னும் வன்பொருள்களோ ஒவ்வொன்றும் தனித்தனி இயல்புடையன. அவ்வவற்றின் இயல்பறிந்து, கருவுக்கும் வன்பொருளுக்குமிடையே நின்று ஏவலை எடுத்துச் செல்லும் செய்நிரற் பகுதியே சாதனச் செலுத்தி எனப்படும். துரையின் கட்டளையை மலைக்கும், மலையின் கணக்கைத் துரையிடமும் கொண்டு சென்ற கணக்கப்பிள்ளையை இதற்கு உவமையாகக் கூறலாம்.

பணிசெயல் முறைமைகளுள் லினக்ஸ் என்பது, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வல்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்ட்ரொயிட் கைபேசிகள் யாவும் அதன் கருவின்மீதே இயங்குகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் முறைமைக்கும் அடிப்படை அதுவே. லினக்ஸின் மூலநிரல் உலகத்தார் அனைவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. அம்மூலநிரலிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி செலுத்திகளேயாம். சாதாரணச் செயலி ஒன்று பிழைபட்டால் அது மட்டுமே வீழும். செலுத்தி பிழைபட்டாலோ, அது கருவினுள் நின்று இயங்குவதாதலின், கணினி முழுதும் வீழ்தல் கூடும். ஆதலால் செலுத்தியில் நேரும் சிறு பிழையும் சிறிதன்று.

சுட்டெண் என்பது யாது?

கல்லூரி ஒன்றில் மாலை வேளையில் மாணவர் படிக்கும் மண்டபம் ஒன்று உளதெனக் கொள்வோம். வாயிலிற் கரும்பலகை ஒன்று தொங்குகின்றது. உள்ளே செல்பவன் அதிலுள்ள எண்ணை ஒன்றால் உயர்த்தி எழுதுகிறான். வெளியே வருபவன் ஒன்றால் தாழ்த்தி எழுதுகிறான். எண் பூச்சியமானதும் காவலாளர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுகிறார். அவர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பலகையை மட்டுமே பார்க்கிறார். அவருக்கு உண்மை என்பது பலகையிலுள்ள எண்ணே.

கணினியின் நினைவகத்திலும் இதுவே நடைபெறுகின்றது. கருவிலுள்ள ஒரு பொருளைச் செய்நிரலின் பல பகுதிகள் ஒரே காலத்தில் சுட்டி நிற்கின்றன. அங்ஙனம் சுட்டி நிற்போர் எத்தனை பேர் என்பதை அப்பொருளோடு சேர்ந்த எண் ஒன்று காட்டும். அதனையே சுட்டெண் என்கின்றோம். புதிதாகச் சுட்டுவோர் அதனை உயர்த்துவர். இச்செயலைப் 'பெறுதல்' என்போம். பயன்கொண்டு முடித்தோர் தாழ்த்துவர். இச்செயலை 'விடுதல்' என்போம். எண் பூச்சியமானதும் கரு அப்பொருளை அழித்து, அது இருந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். இம்முறையை 1960 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். அதே ஆண்டில் ஜோன் மக்கார்தி என்பார், எவராலும் சுட்டப்படாத பொருள்களை இடையிடையே தேடிக் கூட்டித் தள்ளும் வேறொரு முறையை வெளியிட்டார். கருவில் ஒரு பொருள் எக்கணத்தில் விடுபடும் என்பது திட்டமாகத் தெரிதல் வேண்டுமாதலால், அங்குப் பெரிதும் கைக்கொள்ளப்படுவது கொலின்ஸ் காட்டிய எண்ணும் முறையே.

பிழை மூவகை

முதலாவது, விட மறத்தல். வெளியே வந்த மாணவன் எண்ணைத் தாழ்த்த மறந்தான். மண்டபத்தில் ஒருவருமில்லை, பலகையோ 1 எனக் காட்டுகின்றது. விளக்கு இரவெல்லாம் எரியும். மண்டபம் வேறெவர்க்கும் பயன்படாது. கணினியில் இப்பிழை நேரின் உடனே ஒன்றும் நிகழ்வதில்லை. நினைவகம் சிறிது சிறிதாகக் குறைந்து வரும். உறங்க வேண்டிய வன்பொருள் உறங்காமல் மின்கலத்தை வெறுமையாக்கும். கழற்ற வேண்டிய செலுத்தியைக் கழற்ற இயலாமற் போகும். நாட்கணக்கில் ஓயாது இயங்கும் கணினிகளில் இதன் தீமை பிந்தித் தோன்றும். தோன்றும்போது காரணம் மறைந்திருக்கும்.

இரண்டாவது, மிகையாக விடுதல். ஒருவன் இருமுறை தாழ்த்தி எழுதினான். உள்ளே இன்னொருவன் படித்துக்கொண்டிருக்கப் பலகை பூச்சியம் எனக் காட்டுகின்றது. காவலாளர் விளக்கை அணைத்துப் பூட்டிவிடுகிறார். இஃது எத்துணைக் கேடு விளைப்பது என்பதைச் சுட்டிலக்கணங் கொண்டு விளக்கலாம். 'முருகன் வந்தான். அவன் பரிசு பெற்றான்' என எழுதியுள்ளோம். பின்னொருவர் முதற் தொடரிலுள்ள முருகன் என்னும் பெயரை அழித்து, அவ்விடத்திற் கந்தன் என்று எழுதிவிட்டார். இரண்டாந் தொடரிற் கைவைக்கவில்லை. ஆயினும் பரிசு கந்தனுக்குப் போய்விட்டது. 'அவன்' என்னும் சுட்டு தான் சுட்டிய பொருள் மாறியதை அறியாது. கணினியிலும் விடுபட்ட இடத்தில் வேறொரு பொருள் வந்து அமர, பழைய சுட்டை வைத்திருக்கும் செய்நிரல் அதனையே தன் பொருளென நம்பிப் படிக்கும், எழுதவும் எழுதும். தீய எண்ணமுடையோன் அவ்விடத்தில் தான் விரும்பியதை வைத்துக் கணினியின் முழு அதிகாரத்தையும் கவர்ந்துகொள்ளலாம். ஆதலின் மூன்றனுள்ளும் கொடியது இதுவே.

மூன்றாவது, நிரம்பி வழிதல். கரும்பலகையில் மூன்று இலக்கங்களுக்கே இடமுண்டு எனின், 999 இன் பின் ஒன்று கூட்டினால் 000 என வரும். ஆயிரம் பேர் உள்ளே இருக்கக் காவலாளர் பூட்டச் செல்வார். இது பொதுவாகத் தானே நிகழ்வதன்று. முதலாம் பிழையை வேண்டுமென்றே பன்முறை நிகழ்த்தினால் அது மூன்றாம் பிழையாக முதிர்ந்து இரண்டாம் பிழையின் கேட்டை விளைக்கும். அதற்கு மெய்யான சான்று பின்னர்க் கூறப்படும்.

பிழை பதுங்கும் வழி

இப்பிழைகள் எவ்விடத்தில் மிகுதியாக நேர்கின்றன? பெறும் இடத்திலன்று, பெற்று, பயன்கொண்டு, முறையாக முடிக்கும் வழியிலுமன்று. முயற்சி இடையில் தோல்வியுற்றுத் திரும்பும் வழியிலேதான் அவை பெரிதும் பதுங்கியுள்ளன. இதனை விளக்க நம் மலைநாட்டுப் புகையிரதப் பாதையே ஏற்ற உவமை.

1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டிய அப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிர் வரும் வண்டிகள் மோதாவண்ணம், இரு நிலையங்களுக்கிடையே ஓடுதற்கு அனுமதியாக உலோக வில்லை ஒன்றைக் கொடுக்கும் முறை அங்கு நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வந்தது. பெரிய வளையம் பொருந்திய பையில் அவ்வில்லையை இட்டு நிலைய அதிபர் சாரதியிடம் நீட்டும் காட்சியைக் காணாதார் நம்முள் அரியர். ஹற்றனிற் பெற்ற வில்லையைக் கொட்டகலையில் ஒப்படைத்தல் வேண்டும். அது நிலையத்துப் பொறியில் மீள இடப்பட்டாலன்றி அடுத்த வில்லை வெளிவராது.

இனி, இடைவழியில் மண்சரிந்து கிடக்கின்றது. வண்டி ஹற்றனுக்கே பின்னோக்கித் திரும்புகின்றது எனக் கொள்வோம். பயணம் நிறைவேறவில்லை. ஆயினும் வில்லை பெற்றது பெற்றதே. அதனை ஹற்றனிலேயே மீளக் கொடுத்தல் வேண்டும். 'நான் கொட்டகலைக்குப் போகவில்லையே' என்று சாரதி அதனைத் தம்முடன் கொண்டு சென்றால் பாதை முழுதும் முடங்கும். வில்லை ஒன்றே, சுட்டெண்ணோ பலவாகலாம் என்னும் வேறுபாடு உண்டு. பெற்றவர் எவ்வழியிற் சென்றாலும் விடுதல் கடன் என்னும் நியதி இரண்டுக்கும் ஒன்றே.

செலுத்தி ஒன்று தொழில் தொடங்குங்கால் இவ்வாறே பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறுகின்றது. படமெடுக்கும் கருவியின் செலுத்தியைக் கருதுவோம். முதலிற் கருவியின் விவரக்குறிப்பைப் பெறும். அடுத்துக் கடிகாரத் துடிப்பைப் பெறும். பின் மின்வழங்கலைப் பெறும். இறுதியிற் கருவியை உறக்கத்தினின்று எழுப்பும். நான்காம் படியில் தோல்வி நேர்ந்தால் மூன்றாவதையும் இரண்டாவதையும் முதலாவதையும் பெற்றதன் தலைகீழ் முறையில் விட்டுவிட்டே வெளியேறல் வேண்டும். மூன்றாம் படியில் தோல்வி நேர்ந்தால் இரண்டை மட்டுமே விடல் வேண்டும். இங்ஙனம் ஒரு வெற்றிவழிக்குப் பல தோல்விவழிகள் உள்ளன. வெற்றிவழியை எழுதியவர் தம் மேசையிலே நூறுமுறை ஓட்டிப் பார்ப்பார். தோல்விவழியோ வன்பொருள் பழுதுற்றாலன்றி ஓடுவதில்லை. எவரும் நடவாத ஒற்றையடிப் பாதையில் முள் மண்டிக் கிடப்பது இயல்பேயன்றோ?

மெய்யாக நிகழ்ந்த இரண்டு சான்றுகளைக் காண்போம். லினக்ஸ் கருவில் உறங்கும் வன்பொருளை எழுப்புதற்குச் சார்பு ஒன்று உண்டு. அது முதலில் எண்ணிக்கையை உயர்த்தும். பின்பே எழுப்ப முயலும். எழுப்ப இயலாவிடின் 'தோல்வி' என்று விடையளிக்கும். ஆனால் உயர்த்திய எண்ணைத் தாழ்த்தாது. அழைத்தவர்களோ, 'தோல்வி எனின் நாம் ஒன்றும் பெறவில்லை' எனக் கருதி, எண்ணைத் தாழ்த்தாமலே திரும்பினர். இவ்வாறு கருதியது இயல்பே, ஆயினும் பிழை. இப்பிழை மிகப் பல செலுத்திகளில் இருந்தமை 2020 ஆம் ஆண்டளவிற் கண்டு திருத்தப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த 5.10 ஆம் பதிப்பில், தோல்வியுற்றால் எண்ணைத் தானே தாழ்த்திவிடும் புதிய சார்பு சேர்க்கப்பட்டது. ஒருவர் இருவர் தவறினால் அவர்தம் கவனக்குறைவு எனலாம். பலரும் ஒரே இடத்தில் தவறினால் பாதையே வழுக்குவது என அறிதல் வேண்டும்.

மற்றொன்று, வரிசையாகத் தேடுதலில் நேர்வது. வன்பொருள் விவரக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் ஏற்பாடு ஒன்று கருவில் உண்டு. அடுத்ததைப் பெறும்போது முந்தியதைத் தானே விட்டுவிடும்; ஆதலின் இறுதிவரை சென்றால் எண்ணிக்கை நேராயிருக்கும். தேடியது இடையிலே கிடைத்தவுடன் வெளியேறினாலோ, அப்போது கையிலிருந்த ஒன்று விடப்படாமல் நின்றுவிடும். கொப்பிக் கட்டில் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்து வைக்கும் ஆசிரியர், தேடிய கொப்பியைக் கண்டவுடன் அதனைக் கையிற் கொண்டே எழுந்து செல்வதை இது ஒக்கும். அதனைத் தொடர்ந்து வைத்திருக்க எண்ணினார் எனின் குற்றமில்லை. ஆயின் பிறகு திருப்பி வைக்கும் கடன் அவரைச் சேர்ந்தது. இப்பிழையும் பல செலுத்திகளிற் கண்டெடுக்கப்பட்டது. எவ்வழியில் வெளியேறினும் தானே விட்டுவிடும் புதிய ஏற்பாடு 2024 ஆம் ஆண்டிற் கருவிற் சேர்ந்தது.

ஒரு வரியின் விலை

எண்ணிக்கைப் பிழையாற் பெருங்கேடு விளையுமோ என ஐயுறுவார்க்கு 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான செய்தி ஒன்றே விடையாகும். அது செலுத்தியில் நேர்ந்ததன்று. கருவின் வேறொரு பகுதியில் நேர்ந்தது. ஆயினும் பிழையின் இயல்பு ஒன்றே.

இரகசியத் திறவுச்சொற்களைக் காத்துவைக்கும் வளையம் ஒன்று கருவில் உண்டு. செய்நிரல் ஒன்று குறித்த பெயருடைய வளையத்தைக் கேட்டால், கரு அதனைத் தேடிப் பெற்று, சுட்டெண்ணை உயர்த்திக் கொடுக்கும். கேட்ட வளையமே ஏற்கெனவே அச்செய்நிரலின் கையில் இருந்தால் என் செய்வது? 'செய்ய வேண்டியது ஒன்றுமில்லை' எனத் திரும்பிவிடலாம். அவ்வாறே எழுதியிருந்தனர். தேடும்போது உயர்த்திய எண்ணைத் திரும்பும்போது தாழ்த்த மட்டும் மறந்தனர். இவ்வழி வெற்றியுமன்று, தோல்வியுமன்று, வாளாவிருக்கும் வழி. அங்கும் கடன் உண்டு என்பதே ஈண்டு அறியத்தக்கது.

அவ்வெண் 32 துவித இலக்கங்களால் ஆனது. 4,294,967,296 தடவை ஒன்று கூட்டினால் மீண்டும் பூச்சியமாகும். மனிதன் எண்ணி முடிக்க இயலாத இத்தொகையை அக்காலத்துச் சாதாரண மடிக்கணினி ஒன்று ஏறத்தாழ அரைமணி நேரத்தில் எண்ணி முடித்துவிடும். பூச்சியம் வந்ததும் கரு வளையத்தை அழிக்கும். செய்நிரலோ அதனைச் சுட்டிக்கொண்டேயிருக்கும். வெறுமையான இடத்தில் தன் சரக்கை வைப்பவன் கணினியின் முதன்மை அதிகாரத்தைப் பெறுவான். 2013 இல் வெளியான 3.8 ஆம் பதிப்பு முதல் இப்பிழை கருவில் இருந்துவந்ததைப் பெர்செப்ஷன் பொயின்ற் என்னும் நிறுவனத்தார் கண்டறிந்து வெளியிட்டனர். அதனைத் திருத்துதற்கு வேண்டியிருந்தது 'விடு' என்னும் ஒரே ஒரு வரி. எழுதாது விட்ட அவ்வரியின் விலை உலகெங்குமுள்ள எண்ணிறந்த கணினிகளின் பாதுகாப்பு.

இத்தகைய இடரை நோக்கி, 2017 இல் வந்த 4.11 ஆம் பதிப்பிற் சுட்டெண்ணுக்கெனத் தனிவகை ஒன்று அமைக்கப்பட்டது. அது உச்சத்தை எட்டினால் பூச்சியத்துக்குத் திரும்பாது. அங்கேயே உறைந்து நின்று எச்சரிக்கை விடுக்கும். அப்பொருள் அதன்பின் விடுபடுவதில்லை. விளக்கு வீணே எரியட்டும், உள்ளிருப்பவனைப் பூட்டிவிடாதே என்பது அதன் கருத்து. இரு தீமைகளுள் சிறியதைத் தெரிந்துகொள்ளும் நெறி இது.

எழுதிவைக்கும் முறை

பிழை நேராமற் காத்தற்கு முதல் மருந்து, கடன் யாருடையது என்பதை எழுதிவைத்தல். சுட்டெண்ணைக் கையாளும் பொதுமுறை ஒன்றைக் கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பார் 2004 ஆம் ஆண்டில் ஒட்டாவாவில் நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டில் விளக்கினார். அவ்விளக்கத்தைப் பெரிதும் தழுவிக் கோரி மின்யார்ட் எழுதிய விதிக்குறிப்பு கருவின் ஆவணத்தொகுதியில் இடம்பெற்றது. அதன் மூன்று விதிகளின் சாரம் வருமாறு:

ஒன்று: ஒரு பொருளின் சுட்டைப் பிறர் கையிற் கொடுக்குமுன், அல்லது நிலையாக வைத்துக்கொள்ளுமுன், எண்ணை உயர்த்துக. கொடுத்த பின் உயர்த்தினால், இடையில் அவர் விட்டுவிடவும் பொருள் அழியவும் கூடும்.

இரண்டு: பயன்கொண்டு முடிந்ததும் தவறாது விடுக.

மூன்று: கையில் முறையான சுட்டு இல்லாமற் புதிதாக ஒன்றைத் தேடிப் பெறுவதாயின், அந்நேரத்தில் வேறொருவர் இறுதி விடுதலைச் செய்யாதபடி தடுத்துக்கொண்டு பெறுக. பலகையில் 1 எனக் கண்டு ஒருவன் 2 என எழுதக் கையோங்கும் அதே கணத்தில், உள்ளிருந்தவன் அதனைப் பூச்சியமாக்கி வெளியேறினால் என்னாகும்? பலகையருகே ஒருகாலத்தில் ஒருவரே நிற்றல் வேண்டும்.

இவை பொதுவிதிகள். அவற்றோடு, ஒவ்வொரு சார்பின் தலைப்பிலும் அதற்குரிய குறிப்பு இருத்தல் வேண்டும். இச்சார்பு எண்ணை உயர்த்துகிறதா? தோல்வியுற்றாலும் உயர்த்துகிறதா? விடும் கடன் அழைத்தவருடையதா, சார்பினுடையதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை அங்கே இல்லையெனின் அழைப்பவர் ஊகிப்பர். ஊகம் பலவிடத்தும் பொய்க்கும்.

நேர்ந்துவிட்ட பிழையைக் கண்டவரும் எழுதிவைத்தல் வேண்டும். லினக்ஸ் உலகில் இதற்கு நல்ல மரபு ஒன்று உண்டு. திருத்தத்தை அனுப்புவோர் எப்பொருளின் எண், எங்கே உயர்ந்தது, எவ்வழியில் தாழாது நின்றது, அதனால் விளைவது யாது என்பவற்றை உரைநடையில் எழுதுவர். அப்பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றம் எதுவென அதன் அடையாள எண்ணின் முதற் பன்னிரண்டு குறிகளையும் தலைப்பையும் இட்டுக் காட்டுவர். பழைய பதிப்புகளைப் பேணுவோர் தம் பதிப்பிலும் அப்பிழை உண்டோ என்பதை அக்குறிப்பால் அறிவர். ஒருவரைப் பழித்தற்கன்று அவ்வடையாளம். நோய் தொடங்கிய நாளைக் குறித்தற்கே.

இவ்விளக்கம் ஏன் இன்றியமையாதது? 'பெறு' என்பதைக் கண்டும் அருகில் 'விடு' என்பதைக் காணாமலும், அவசரமாக ஒன்றைச் சேர்ப்போர் உளர். அவ்விடுதலை வேறோரிடத்திலுள்ள சார்பு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம். அப்போது திருத்தமே புதிய பிழையாகும்; இல்லாத கசிவை அடைக்கப் போய் உள்ளிருப்பவனைப் பூட்டியதாகும். வழியை முழுதும் நடந்து பார்த்து எழுதினோர்க்கு இது நேராது.

பிழை தேடுதற்குத் துணைக்கருவிகளும் உள. ஜூலியா லோவலும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய கொக்சினெல் என்னும் கருவி அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு மொழியில் அப்பெயர் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டைக் குறிக்கும். இடையில் வெளியேறும் தேடல்களில் விடுதல் உண்டோ என ஆராயும் விதிகளும் அக்கருவிக்கென எழுதப்பட்டுக் கருவின் மூலநிரலோடு வைக்கப்பட்டுள்ளன. அப்பால், 2022 டிசெம்பரில் வெளியான 6.1 ஆம் பதிப்பு முதல் ரஸ்ட் மொழியிலும் கருவுக்கு எழுத வழி திறந்தது. அம்மொழியில், சுட்டை வைத்திருப்பவரின் ஆயுள் முடிந்தவுடன் விடுதல் தானே நிகழும். 2023 முதற் பழைய சி மொழிப் பகுதிகளிலும் அதனையொத்த ஏற்பாடு வந்துள்ளது. ஆயினும், எது யாருடையது என்பதை முடிவுசெய்வது மனிதனே. கருவி கணக்கைச் சரிபார்க்கும். கடன் யாருடையது என்பதைத் தீர்மானிக்காது.

ஏட்டைப் படிக்கக் கற்றல்

எண்ணிக்கை பூச்சியத்தை எட்டாதவரை விடுதலையில்லை என்னும் நிலை நம் மலைநாட்டார்க்குப் புதிதன்று. தோட்டத்து வேலைக்கு வந்த முன்னோர் பெயரிற் கடன் எழுதப்பட்டது. வேறு தோட்டம் செல்ல விரும்பியவர்க்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டியிருந்தது. இன்ன கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்பது அச்சீட்டின் பொருள். ஏடு ஒருவர் கையிலும் கட்டு மற்றொருவர் காலிலும் இருந்தன. தாம் செலுத்தியது வரவில் ஏறியதோ என்பதை எழுத்தறியாதவர் எங்ஙனம் படித்தறிவார்? துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அது விட்டுச்சென்ற பாடமோ இன்றும் உரியது: கணக்கு இருந்தால் மட்டும் போதாது, அதனாற் கட்டுண்டவர் அதனைப் படிக்க வல்லவராதல் வேண்டும்.

கணினியின் கணக்கு ஏடும் இன்று நம் வாழ்வைக் கட்டுகின்றது. சம்பளமும் மருத்துவமும் பரீட்சைப் பெறுபேறும் அதன் வழியே வருகின்றன. அவ்வேட்டுள் ஒன்று, உலகத்தார் அனைவர்க்கும் திறந்து கிடக்கின்றது என்பது நாம் பெற்ற பெரும்பேறு. அதனைப் படிக்கக் கட்டணமில்லை. குலமும் ஊரும் கேட்பாரில்லை.

மாணவர்காள்! லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்று கிடைக்குமாயின், 'எல்.எஸ்.மொட்' என்னும் ஏவலை இட்டுப் பாருங்கள். கருவில் ஏற்றப்பட்டுள்ள பகுதிகளின் பெயரும் அளவும் வரிசையாகத் தோன்றும். மூன்றாம் நிரலில் ஓர் எண் நிற்கும். அப்பகுதியைப் பயன்கொள்வோர் எத்தனை என்பதைக் காட்டும் எண் அது. பூச்சியமல்லாத ஒன்றைக் கழற்ற முயன்றால் கரு மறுத்துவிடும். இத்துணை நேரம் நாம் பேசிய கரும்பலகை அதுவே. பின்னர் மூலநிரலில் ஒரு செலுத்தியை எடுத்து, அது பெறும் ஒன்றைத் தெரிந்து, வெளியேறும் வழிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் விரல்வைத்து எண்ணி, ஒவ்வொரு வழியிலும் விடுதல் உண்டோ என நோக்குங்கள். கண்டதைத் தமிழிலே தெளிவாக எழுதிப் பழகுங்கள். தாய்மொழியில் தெளிவாக எழுத வல்லவனுக்கு அதனை வேற்றுமொழியில் எழுதுதல் அரிதன்று. தெளிவில்லாதவனுக்கு எம்மொழியும் உதவாது.

விழா எடுக்கும் இவ்வாண்டிற் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். அத்துறையறிந்தோர் விடுமுறைக்கு ஊர் வருங்கால் ஒரு மாலைப்பொழுதை இளைஞர்க்கு அளித்து, மெய்யான பிழை ஒன்றை எடுத்து, அது கண்ட விதத்தையும் தீர்த்த விதத்தையும் காட்டுவார்களாக. கல்லூரியிற் பெற்றதைக் கல்லூரிக்கே விடுவதற்கு அதனினும் நல்ல வழி வேறில்லை.